பிறையிலிருந்து தொடங்குவோம்

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பொன்விழா வேலைகளுக்காகச் சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தோம். ஷம்சுத்தீன் என்று ஒரு பெயர். ஷம்ஸ் என்றால் சூரியன். அடுத்த பக்கத்தில் கமருத்தீன், அது நிலா. பத்ருத்தீன், முழுநிலா. நஜ்முத்தீன், விண்மீன். பிள்ளைகள் பட்டியலில் ஒரு ஹிலால் இருக்கிறார், அதாவது பிறை. ஒரு சுஹைலும் ஒரு சுரையாவும்கூட இருக்கிறார்கள். அவர்கள் வானத்தில் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பிறகு சொல்கிறோம். இப்படி வானத்தின் பெயரை வைத்துக்கொண்ட நம்மில் எத்தனை பேர் வானத்தைப் பார்க்கிறோம்? இந்த மண்டபத்திலேயே கேட்டுவிடுகிறோம். ரமலான் தலைப்பிறையை, தொலைக்காட்சியில் அல்ல, தம் கண்ணால் பார்த்தவர்கள் கையை உயர்த்துங்கள்.

(கைகள் உயர்ந்தன. ஏறத்தாழ எல்லாமே நரைத்த தலைகள்.)

இதற்காகத்தான் இருபது நிமிடம் கேட்டு வாங்கினோம். நாங்கள் வானியல் படித்தவர்கள் அல்லர். சங்கத்தின் ஐந்தாறு குடும்பங்கள், மாதத்தில் ஓரிரு நாள், வீவக பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் பாயை விரித்து வானம் பார்க்கிறோம். பார்த்துத் தெரிந்ததையும், தெரியாமல் காசைத் தொலைத்ததையும் சொல்கிறோம்.

ஊரில் பிறை பார்ப்பது ஒரு விழா. மஃரிபுக்கு முன்பே மொட்டைமாடியில் கூட்டம் ஏறிவிடும். இங்கே நாம் முயிஸ் அறிவிப்புக்குக் காத்திருக்கிறோம். அறிவிப்பு வந்த சற்று நேரத்தில் ஊரிலிருந்து தொலைபேசி: "உங்களுக்கு நாளைக்குப் பெருநாளா? எங்களுக்கு இன்னும் பிறை தெரியலையே!" நம் வீடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் உரையாடல் இது. சில வீடுகளில் சண்டையும் உண்டு.

காரணம் வானத்திலும் இருக்கிறது, வழிமுறையிலும் இருக்கிறது. புருணை, இந்தோனீசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளும் ஓர் அளவை ஒப்புக்கொண்டிருக்கின்றன. சூரியன் மறையும் நேரத்தில் நிலா தொடுவானத்துக்கு மேல் குறைந்தது 3 பாகை உயரத்தில், சூரியனைவிட்டு 6.4 பாகை விலகி இருக்க வேண்டும். பாகை என்பது டிகிரிதான். அந்த அளவு கணக்கில் அமைந்துவிட்டால், மேகம் மறைத்தாலும் மாதம் பிறந்ததாக இங்கே கொள்வார்கள். ஊரில் பெரும்பாலும் கண்ணால் கண்ட சாட்சியைக் கேட்பார்கள். நாகூரில் சூரியன் நமக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்து மறைகிறது. அதற்குள் நிலா சூரியனைவிட்டு இன்னும் முக்கால் பாகை விலகியிருக்கும். நிலாவின் அகலமே அரைப் பாகைதான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகப் பிறையைக் காண்பதற்கு வசதி ஊருக்குத்தான் கொஞ்சம் அதிகம்; ஆனால் சாட்சி கேட்பதால் அவர்கள் பல ஆண்டுகளில் நமக்குப் பின்னால் வருகிறார்கள். எந்த வழி சரி என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல. ஆனால் இது தெரிந்தால் தொலைபேசியில் குரல் உயராது.

3 பாகை என்பது எவ்வளவு? கையை நேரே நீட்டி இரண்டு விரலைக் கிடையாகச் சேர்த்துப் பிடியுங்கள். அவ்வளவுதான். மூடிய முட்டி சுமார் 10 பாகை, சுண்டுவிரல் ஏறத்தாழ 1 பாகை. அரபுக் கடலோடிகள் விண்மீனின் உயரத்தை விரல் கணக்கில்தான் அளந்தார்கள். இப்னு மாஜிதின் கடல்நூல்களில் அந்த விரல் கணக்கு இருக்கிறது. நம் ஊரில் சூரியனும் நிலாவும் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், 3 பாகை உயரப் பிறை பன்னிரண்டு நிமிடத்தில் மறைந்துவிடும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் வெளிச்சமும் முழுதாக அடங்காது, மேற்கே மேகமும் விலகாது. எனவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் தலைப்பிறையைத் தேடி ஏமாற வேண்டாம். இரண்டாம், மூன்றாம் பிறையைப் பாருங்கள். அது எல்லோருக்கும் தெரியும். பிறையின் உட்புறம் இருண்டு கிடக்கும் பகுதியும் மங்கலாகத் தெரிந்தால் அதையும் கவனியுங்கள். அது நம் பூமியில் பட்ட வெயில் நிலாவுக்குப் போய்த் திரும்பி வரும் ஒளி.

இன்னொன்றும் கவனியுங்கள். நம் நாட்டுக் கொடியில் பிறை நிமிர்ந்து நிற்கிறது. நம் வானத்துப் பிறையோ தோணிபோல மல்லாந்து கிடக்கும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்களுக்கு அப்படித்தான். எங்களுடன் வந்த ஒரு பையன் இதைத் தானாகவே கண்டுபிடித்துச் சொன்னான். நாற்பது ஆண்டு கொடியேற்றம் பார்த்த எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

மேற்கு எது என்று தெரியாமல் பிறையைத் தேட முடியாது. அடுக்குமாடி வீட்டில் பிறந்த பிள்ளையைக் கேட்டால் எம்ஆர்டி நிலையம் இருக்கும் பக்கம் தெரியும், மேற்கு தெரியாது. ஆனால் நம் வீடுகளில் ஒரு திசை எல்லோருக்கும் தெரியும். முசல்லா விரிக்கும் திசை. சிங்கப்பூரிலிருந்து கிப்லா, வடக்கிலிருந்து வலப்புறமாக எண்ணினால் 293 பாகை. அதாவது நேர் மேற்கிலிருந்து 23 பாகை வடக்கே. எனவே கிப்லாவைப் பார்த்து நின்று, இடப்பக்கம் இரண்டு முட்டியும் கொஞ்சமும் நகர்ந்தால் அங்கேதான் நேர் மேற்கு. நாங்கள் இதில் கண்ட அழகு வேறு. ஜூன் மூன்றாம் வாரத்தில் சூரியன் நமக்கு மேற்கிலிருந்து ஏறத்தாழ இதே 23 பாகை வடக்கே தள்ளி மறைகிறது. அந்த நாள்களில் மஃரிபுக்குச் சற்று முன் மேற்கே பார்த்தால், கிப்லாவின் திசையிலேயே சூரியன் இறங்குவதைக் காணலாம். டிசம்பரில் அதே சூரியன் நம் இடப்பக்கம் வெகுதூரம் போயிருக்கும்.

கிப்லாவைச் சரிபார்க்க ஆண்டுக்கு இரண்டு நாள் இன்னும் துல்லியமான வழி உண்டு. மே 28-ஐ ஒட்டியும் ஜூலை 16-ஐ ஒட்டியும் மக்காவில் நண்பகல் சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேர் மேலே நிற்கிறது. அப்போது நமக்கு மே மாதத்தில் மாலை 5.18, ஜூலையில் 5.27. வெயில் விழும் ஜன்னலில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் சாவிக்கொத்தைத் தொங்கவிடுங்கள். அந்த நூலின் நிழல் தரையில் ஒரு கோடு போடும். அந்தக் கோட்டின் வழியே சூரியன் இருக்கும் பக்கம் நோக்கினால் கிப்லா. கைப்பேசித் திசைகாட்டி அடுக்குமாடிக் கட்டடத்தின் இரும்புக்குள் தடுமாறும். இந்த நிழல் தடுமாறாது.

நண்பகலும் ஒரு பாடம். லுஹர் நேரம் ஏன் பன்னிரண்டுக்கு வராமல் ஒரு மணியை ஒட்டி வருகிறது? நம் தீவு நிற்கும் இடத்துக்குக் கிரீன்விச்சிலிருந்து ஏழு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவான வேறுபாடுதான் இயற்கை. நாம் வைத்திருப்பதோ எட்டு மணி நேரம். 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதனால் சூரியன் உச்சிக்கு வரும்போது நம் கடிகாரம் ஒன்றைக் காட்டுகிறது. அதுவும் நிலையாக நிற்பதில்லை. நவம்பர் தொடக்கத்தில் 12.50-ஐ ஒட்டி, பிப்ரவரி நடுவில் 1.20-ஐ ஒட்டி. பூமி சூரியனை வட்டமாகச் சுற்றாமல் சற்று நீள்வட்டமாகச் சுற்றுவதும், அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்யும் வேலை இது. தொழுகை நேர அட்டவணை குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஆண்டு முழுவதும் ஒட்டியிருக்கிறது. அது ஒரு வானியல் அட்டவணை என்று நாங்கள் உணர்ந்தது ஐம்பது வயதுக்கு மேல்.

பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டலாம். மார்ச் 23, 24 தேதிகளிலும் செப்டம்பர் 19, 20 தேதிகளிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. மார்ச்சில் 1.11 மணி, செப்டம்பரில் 12.58. புளோக்கின் அடியில், வெயில் படும் தரையில் ஒரு தண்ணீர்ப் போத்தலை நிறுத்துங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கிப் போத்தலின் அடிக்குள்ளேயே போய்விடும். அஸர் நேரமும் நிழல் கணக்குத்தான். பொருளின் நீளத்தளவு நிழல் நீண்டால் அஸர் என்பது ஷாஃபி வழக்கம், இரு மடங்கு என்பது ஹனஃபி வழக்கம். நம் சங்கத்தில் இரு வழியினரும் இருக்கிறோம். ஒரே போத்தலில் இரண்டையும் அளந்து பார்க்கலாம்.

தேக்காவில் பொருள் வாங்கப் போகும்போது டன்லப் தெருவுக்குள் நுழைந்து அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் முகப்பை நிமிர்ந்து பாருங்கள். 1907-ல் கட்டத் தொடங்கிய பள்ளி. 1979-ல் தேசிய நினைவுச்சின்னமானது. அதன் வாயிலுக்கு மேலே சூரியக் கடிகாரம் என்று சொல்லப்படும் ஓர் அலங்காரம் இருக்கிறது. சூரியன்போல 25 கதிர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில். அதன் கீழே ஆயிரம் முறை செருப்பைக் கழற்றியிருப்போம். எத்தனை முறை அண்ணாந்திருப்போம்? பள்ளிவாசலுக்கும் சூரியக் கடிகாரத்துக்கும் பழைய உறவு உண்டு. டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் நேரம் கணிக்கும் பணியில் இருந்த இப்னு அஷ்ஷாத்திர், 1371-ஐ ஒட்டி அதன் மினாராவில் வைக்க ஒரு பெரிய சூரியக் கடிகாரம் செய்தார். அந்தப் பணிக்கு முவக்கித் என்று பெயர். சம்பளம் வாங்கிக்கொண்டு வானம் பார்த்தவர்கள்!

இனி இரவுக்கு வருவோம். உண்மையை மறைப்பதற்கில்லை. 2016-ல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' ஆய்விதழில் உலகத்தின் ஒளி மாசு வரைபடம் வெளியானது. அதில் முதலிடம் நம் சிங்கப்பூருக்கு. கண் இருட்டுக்கு முழுதாகப் பழகவே முடியாத அளவு வெளிச்சத்தில் நம் மக்கள் அனைவரும் வாழ்கிறோம் என்று அந்த ஆய்வு சொன்னது. பால்வெளி மண்டலம் இங்கே தெரியாது. ஆனால் நிலாவுக்கும் கோள்களுக்கும் இருட்டு தேவையில்லை. வெள்ளியும் வியாழனும் ஆர்ச்சர்ட் சாலையின் நடுவிலிருந்துகூடத் தெரியும். வெள்ளி என்றால் நமக்குக் காசு, அல்லது ஜும்ஆ நாள். மூன்றாவது வெள்ளியும் ஒன்று உண்டு என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கோள் மினுக்காது, நின்று ஒளிரும். நகர்ந்தால் அது சாங்கிக்குப் போகும் விமானம். நாங்கள் முதல் மாதத்தில் விமானத்தைத்தான் வியாழன் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரியில் இஷா முடிந்து வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். ஒரே நேர்கோட்டில் மூன்று விண்மீன்கள் தலைக்கு மேலே நிற்கும். அவை ஓரியனின் இடைவார். அந்தக் கோட்டை ஒரு பக்கம் தென்கிழக்கே நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான விண்மீன் சிரியஸ். அரபியில் அஷ்-ஷிஃரா, சூரா அந்-நஜ்மில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் விண்மீன். நம் பள்ளிகளில் ஓதக் கேட்டிருக்கிறோம். எங்களில் சிலர் அதை வானத்தில் முதன்முதலாகப் பார்த்தது கார் நிறுத்துமிடத்தின் ஏழாம் தளத்தில். அதற்கும் தெற்கே தனியாக ஒளிர்வதுதான் நாம் சொன்ன சுஹைல். இனி மூன்று விண்மீன் கோட்டை மறுபக்கம், வடமேற்கே நீட்டுங்கள். சிவந்த விண்மீன் ஒன்று வரும். தமிழில் ரோகிணி, அரபியில் அத்-தபரான், பின்தொடர்வது என்று பொருள். எதைப் பின்தொடர்கிறது? அதற்கு முன்னால் போகும் சிறு கூட்டத்தை. தமிழர் கார்த்திகை என்போம், அறுமீன் என்போம். அரபியில் துரையா. நம் பதிவேட்டின் சுரையா அதுதான்! ஆங்கிலப் புத்தகங்களில் ரைஜல், ஆல்டெபரன், ஆல்டேர் என்று வரும் பெயர்களெல்லாம் அரபிச் சொற்கள் உருமாறியவை. ரிஜ்ல் என்றால் கால் என்பது மதரசாவில் முதலாண்டு படிக்கும் பிள்ளைக்கே தெரியும்.

தொலைநோக்கியைப் பற்றிக் கேட்பீர்கள். ஆர்வத்தில் நாங்கள் முதல் வாரத்திலேயே ஒன்று வாங்கினோம். பெட்டியின்மேல் 525 மடங்கு என்று போட்டிருந்தது. நூற்றைம்பது வெள்ளி. மூன்று கால்களும் நூடல்ஸ் குச்சிபோல ஆடின. வியாழன் கஞ்சியில் போட்ட பட்டாணிபோலக் கலங்கித் தெரிந்தது. இப்போது அது ஸ்டோர் ரூமில் இருக்கிறது. பிறகுதான் தெரிந்தது, மடங்கு அல்ல, முன்கண்ணாடியின் அகலமே முக்கியம். அகலம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல் இரு மடங்குக்கு மேல் பெருக்கினால் மங்கலே பெருகும். 60 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு 120 மடங்கே உச்சம்.

முதலில் வாங்க வேண்டியது பைனாகுலர். 7x50 அல்லது 10x50. முதல் எண் எத்தனை மடங்கு, இரண்டாவது கண்ணாடியின் அகலம். சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு 10x50-ல் பார்த்தால் வியாழனின் பக்கத்தில் நான்கு புள்ளிகள் வரிசையாகத் தெரியும். 1610-ல் கலிலியோ கண்ட அதே நான்கு நிலாக்கள். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். கார்த்திகைக் கூட்டமும் இந்த வெளிச்ச வானத்திலேயே அதில் அழகாகத் தெரியும். சனியின் வளையத்துக்கு மட்டும் தொலைநோக்கி வேண்டும். அதற்கும் உடனே காசு போட வேண்டாம். ஜூரோங் அறிவியல் நிலையத்தின் வானாய்வகம் பல்லாண்டுகளாக வெள்ளிக்கிழமை இரவுகளில் பொதுமக்களுக்காகத் திறக்கிறது. போவதற்குமுன் அவர்களுடைய அறிவிப்பையும் அன்றைய மேகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பைனாகுலரைத் தாழ்வாரத்தில் நின்று எதிர் புளோக்கின் பக்கம் திருப்பாதீர்கள். நாம் வியாழனைத்தான் தேடினோம் என்று எதிர்வீட்டு அம்மாவுக்குத் தெரியாது. எங்களுக்கு ஒரு முறை திரை படாரென்று இழுக்கப்பட்டது. மேல்தளத்துக்குப் போனதே அதற்குப் பிறகுதான். மற்றது விளையாட்டல்ல. பிறை தேடும் ஆவலில், சூரியன் முழுதாக மறையுமுன் மேற்கே பைனாகுலரை நீட்டாதீர்கள். ஒரு நொடியில் பார்வை போய்விடும். பிள்ளைகள் கையில் அது இருக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முன்வரிசைப் பெரியவர்களுக்கு இப்போது ஒரு கேள்வி. உங்களில் பலர் ரஜூலா கப்பலில் வந்தவர்கள், பின்னால் வந்தவர்கள் சிதம்பரத்தில். நாகப்பட்டினத்தில் ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கைத் தொட்டு வந்த அந்த இரவுகளில் என்ன பார்த்தீர்கள்? ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டோம். "வாந்தியும் வானமும்தான் தம்பி" என்றார். சிரித்துவிட்டு நெடுநேரம் பேசினார். அவருக்குத் தெரியாத ஒன்றை நாங்கள் சொன்னோம். துருவ விண்மீன் ஓர் ஊரில் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ அதுவே அந்த ஊரின் அட்சரேகை. நாகப்பட்டினத்தில் அது 11 பாகை, ஒரு முட்டிக்குச் சற்று மேல். பினாங்கில் ஏறத்தாழப் பாதி. சிங்கப்பூரில் ஒரு பாகையும் கொஞ்சமும். கட்டடமும் மூட்டமும் மறைக்க, நடைமுறையில் இல்லை. ஊரை விட்டுப் புறப்பட்டவர்களின் முதுகுக்குப் பின்னால் அது ஒவ்வோர் இரவும் தாழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இங்க அது இல்லவே இல்லையா?" என்று கேட்டார். இல்லை. ஆனால் ஏப்ரல், மே இரவுகளில் தெற்கே சிலுவை வடிவ மண்டலம் ஒன்று நன்றாக உயர்ந்து நிற்கும். நாகையில் அது தாழ்வாகவே வரும். அதைக் காட்ட அவரைச் சக்கர நாற்காலியிலேயே மேல்தளத்துக்கு அழைத்துப் போனோம். மின்தூக்கி இருக்கும் கார் நிறுத்துமிடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2019 டிசம்பர் 26-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். வளையச் சூரிய கிரகணம். காலையில் அரேபியாவில் தொடங்கிய அந்த நிழல் கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியே வந்து, யாழ்ப்பாணத்தைத் தொட்டு, சுமத்ராவைக் கடந்து, பிற்பகல் 1.23-ஐ ஒட்டி நம் தலைக்கு மேல் ஏறத்தாழ இரண்டு நிமிடம் நின்றது. ஊருக்கும் இங்கும் ஒரே வளையம். ரஜூலா ஒரு வாரம்போல எடுத்துக்கொண்ட தூரத்தை அது ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்தது. நபியவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் கிரகணம் பிடித்தபோது, யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரியன் மறைவதில்லை என்று அவர்கள் சொன்னதை ஆலிம்கள் அன்று நினைவூட்டினார்கள். மரத்தடியில் இலைகளின் இடுக்கு வழியே விழுந்த வெயிலெல்லாம் தரையில் சின்னச் சின்ன மோதிரங்களாகக் கிடந்தன. எங்கள் குழு அந்த மரத்தடியில்தான் தொடங்கியது. சிங்கப்பூருக்கு அடுத்த வளையக் கிரகணம் 2063 பிப்ரவரி 28. முன்வரிசைப் பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள், இன்ஷா அல்லாஹ். அன்று உங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கண்காப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.

அதற்கு முன்னால், வருகிற மாதம் மூன்றாம் பிறையன்று மஃரிப் தொழுததும் மேல்தளத்தில் கூடுகிறோம். இரண்டு பைனாகுலர் எங்களிடம் இருக்கிறது. பாயும் கொசு மருந்தும் நீங்கள் கொண்டுவாருங்கள். தேநீர் சங்கத்தின் பொறுப்பு என்று பொருளாளர் தலையசைத்துவிட்டார். மேகம் மூடியிருந்தால் தேநீர் மட்டும் குடித்துவிட்டு மறுநாள் வருவோம். வஸ்ஸலாம்.